முந்தானையை உருக்கிச் செய்த சங்கிலி

விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் பெண், முடியை நேராக்கும் கருவியைத் தலையில் வைத்தபடியே நேற்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். காதல் விவகாரம், சீக்கிரம் முடியவில்லை. அறை முழுக்க முடி கருகும் வாசனை. ஜன்னலைத் திறக்கப் போன நான் பாதியிலேயே நின்றுவிட்டேன். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பட்டு எரிந்தாலும் அதே வாசனைதான் வரும். அந்த வாசனை வந்தால் எனக்கு அப்பாவின் முகம் வந்துவிடும்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்களுடையது நெசவுக் குடும்பம். ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற வீட்டில் பட்டு கட்டுவது அபூர்வம். அம்மாவிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அவள் கல்யாணத்துக்காக அப்பாவே நெய்த முகூர்த்தப் புடவை. மாம்பழ நிறம், அரக்குக் கரை, முந்தானை முழுக்க ஜரிகை மாங்காய். மழையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அம்மா அதைப் புடவையில் கொண்டுவந்து நிறுத்துவாள். "முச்சூடும் சுத்த ஜரிகை. அவரே தறியில குந்தி நெய்தது."

நான் பட்டம் வாங்கும் விழாவுக்குக் கட்டிக்கொள்ள அதைப் பிரித்தபோது மடிப்புக்கு மடிப்பு இற்றுக் கிழிந்திருந்தது. பழைய பட்டு அப்படித்தான். அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்கும் போனவள் நான் ஒருத்திதான். அதிலும் நகை வடிவமைப்பு. அந்த நாட்களில் எனக்குத் தீர்வு தெரியாத பிரச்சினையே உலகத்தில் கிடையாது. "அழாதம்மா, ஜரிகையிலேர்ந்து வெள்ளி எடுத்து உனக்கு ஒரு சங்கிலி செஞ்சு தரேன்" என்றேன்.

"வேணாம்மா. பீரோவுலயே கெடக்கட்டும்" என்றார் அப்பா.

"புள்ள செய்யட்டுமே. கழுத்துல கெடந்தா நாலு பேரு பாப்பாங்க இல்ல?" என்றாள் அம்மா.

முகூர்த்தப் புடவையை நெருப்பில் போடக் கூடாது என்றார் அப்பா. பிறகு வந்து, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, புகை ஆகாது என்றார். பழசைப் பிடித்துத் தொங்குகிறார் என்று முடிவுகட்டி அவருக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு அம்மா முசரவாக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் வேலையை ஆரம்பித்தேன். பின்கட்டில் மண்சட்டியில் புடவையை எரித்தேன். "இன்னாடி, எவ முடிய கொளுத்துற?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். சாம்பலை அலசி, மிஞ்சிய கம்பித் துணுக்குகளை மூசைக் கிண்ணத்தில் போட்டு, அழுக்கைப் பிரிக்க வெங்காரம் தூவி, தீயை ஊதி உருக்கிக் குச்சியாக வார்த்தேன். ஆறியதும் அரத்தால் ஒரு தேய்ப்பு. வெள்ளையாக இருக்க வேண்டியது செம்புக்குடத்தின் அடி மாதிரி சிவந்து கிடந்தது.

சுத்த ஜரிகையில் கம்பியே வெள்ளி. மட்டமான ஜரிகையில் கம்பி செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு மட்டும்தான். நிமிர்ந்து, பக்கத்தில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கரை சுத்தம்மா. சத்தியமா கரை சுத்தம். முந்தானைக்கு வரும்போது ஜரிகை தீந்துபோச்சு. முகூர்த்தம் நெருங்கிக்கினு இருக்குது, கெடச்சத போட்டு நெய்துட்டேன். அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்கம்மா ஊர் பூரா சொல்லிக்கினு வந்துட்டா" என்றார்.

குச்சியைத் தட்டி மெலிதாக்கி, கம்பியாக இழுக்கத் துளைத் தகட்டில் நுழைத்தேன். அப்பா குறடைப் பிடித்து இழுத்தார். கம்பி விறைத்துக்கொள்ளும்போதெல்லாம் சூடு காட்டி இளக்கினேன். கம்பியை ஓர் ஆணியில் சுற்றி, வளையங்களாக அறுத்து, ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துப் பற்றவைத்தேன். நடுவில் தொங்க ஒரு மாங்காய். எல்லாம் சிவப்பு. பிறகு சங்கிலியைக் காய்ச்சி, நீர்த்த திராவகத்தில் போட்டு எடுத்தேன். மறுபடி காய்ச்சினேன், மறுபடி போட்டேன். மெல்ல மெல்ல வெளுத்தது.

"என்னாமா, வெள்ளியாயிடுச்சா?" குழந்தை மாதிரி கேட்டார் அப்பா.

"மேலாக்கத்தான்பா. மேல இருக்கிற செம்ப மட்டும் திராவகம் தின்னுடுது. உள்ள செவப்புதான்."

"உள்ள யாரு பாக்கப்போறா?" என்றவர், சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா அத்தையோடு வந்து இறங்கினாள். "கழுத்துல போய் வெள்ளியா? அது காலுக்கில்ல போடுவாங்க?" என்றாள் அத்தை. "இது கடை வெள்ளி இல்ல அண்ணி, என் முகூர்த்தப் பட்டு" என்று அம்மா சொன்ன வேகத்தில் அத்தை காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தேய்க்க வேண்டாம், துணியால் துடைத்தால் போதும் என்று அம்மாவிடம் தனியாகச் சொல்லிவைத்தேன். புளி போட்டு விளக்குத் தேய்க்கிற வெள்ளிக்கிழமையில் ஒரு வெள்ளிச் சங்கிலியை மட்டும் விட்டுவைக்க அவளால் முடியுமா?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பிடரிப் பக்கத்து வளையங்களில் வெள்ளை போய்விட்டிருந்தது. அம்மா தலையைக் குனிந்து எதிர்வீட்டு அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். "பாத்தியா, செவக்குது. சுத்த ஜரிகைக்குத் தங்க முலாம் உண்டு இல்ல? உள்ள இருந்த தங்கம் இப்பத்தான் மேல வருது." என் பக்கம் திரும்பி, "இல்லம்மா? நீதான் படிச்சிருக்க, சொல்லு" என்றாள்.

உள்ளே அப்பாவின் தறிச் சத்தம் நின்றது.

எல்லோருடைய தப்பையும் திருத்துகிறவள் நான். "ஆமாம்மா" என்றேன். தறி உடனே ஓடவில்லை.

எங்கள் தெருவில் யார் வீட்டில் புதுப் புடவை வந்தாலும் அப்பாவிடம்தான் கொண்டுவருவார்கள். ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பார்த்து, "சுத்தம்மா, தைரியமா கட்டு" என்பார். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போகிற பெண்களின் நடையே வேறாக இருக்கும். இப்போது யாராவது முந்தானையை நீட்டினால், "எனக்குக் கண்ணு சரியா தெரியலம்மா, வேற யாராண்டயாவது காட்டு" என்கிறார்.

அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரியும்.