குலசிங்கம் அண்ணை கேட்க மறுத்த முடிவு

குலசிங்கம் அண்ணை சத்திரசிகிச்சையின்போது இறந்துவிட்டார் என்று அவருடைய மனைவி பவானி அக்கா திங்கள் மத்தியானம் தொலைபேசியில் சொன்னபோது, எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. முந்தின நாள் நடந்த கார்ப் பந்தயத்தின் முடிவு தெரியாமலே மனிதர் போய்விட்டார். தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எங்கள் பாடன் நகரத்தில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அது யப்பான் பந்தயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பந்தயத் திடலுக்கே பல காலம் தடை போட்டிருந்த, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் இருந்துகொண்டு, உலகத்தின் மறுபக்கத்தில் ஓடும் ஒரு நீலக் காருக்காக இருபது வருடம் விரதம் காத்தவர் அவர்.

முதியோர் இல்லச் சமையலறையில் எங்கள் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வேலை. பந்தயமும் எங்களுக்குக் காலையில்தான். வீட்டில் பதிவு போட்டுவிட்டு வந்து, வேலை முடிந்து போய்த்தான் பார்ப்பார். அதுவரை ஒருவரும் முடிவைச் சொல்லக்கூடாது. என் தொலைபேசியைக்கூட வாங்கி மாத் தகரப் பேணிக்குள் வைத்துவிடுவார். "முடிவு தெரிஞ்சு பாக்கிறது எச்சில் சோறு தின்னுற மாதிரி" என்பார். வேகமான கார்களும் மெதுவான கார்களும் ஒரே பாதையில் கலந்து ஓடும், இரண்டுக்கும் தனித்தனி வெற்றி. அது விளங்கவில்லை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அரிய வைத்திருந்த கரட்டுகளைக் கார்களாக்கி மேசையில் வரிசையாக அடுக்கத் தொடங்கிவிட்டார். சூப் பிந்தியது. ஏச்சு எனக்கு விழுந்தது.

என் மகளின் கலியாணத்திலும் விடவில்லை. தாலி கட்டும் நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் அன்று காலைப் பந்தயத்தைப் பற்றி வாயெடுத்தான். அண்ணை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியே நடந்தார். அவருக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு கிழமை முழுக்கக் கேட்டார்கள். பவானி அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தது அந்த ஞாயிறு பின்னேரம். பல வருடங்களாகக் கோட்டைவிட்ட நீலக் கார் அன்று காலைதான் கடைசிப் பந்தயத்தை வென்று, வருடக் கிண்ணத்தையும் எடுத்திருந்தது. எனக்கு விடுமுறை, நேரடியாகவே பார்த்திருந்தேன். நான் உள்ளே போனதுமே அண்ணை கண்டுபிடித்துவிட்டார்.

"பாத்திட்டாய், என்ன?"

"ஓம் அண்ணை."

"வாயைத் திறவாதை. நாளைக்கு ஒப்பரேசன் முடியட்டும், வீட்டை போய் ஆறுதலாய்ப் பாப்பன். முகத்தையும் அங்கால திருப்பு."

அரை மணித்தியாலம் சன்னலைப் பார்த்தபடி அவரோடு கதைத்தேன். அவர் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். ஏசினால் ஏசட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும், இனியும் தாங்காது என்று பவானி அக்காவிடம் போனேன். "அக்கா, அண்ணையின்ர கார்..." என்று தொடங்கினேன். வாழ்நாள் முழுக்க அந்தப் பந்தயத்தைத் திட்டித் தீர்த்தவர், இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சொல்லாதை தம்பி. அவர் ஆஸ்பத்திரிக்குப் போக முன்னம் பதிவு போட்டது அப்பிடியே கிடக்கு. ரெண்டு பேரும் இருந்து பாப்பம்."

பார்த்தோம். கடைசிச் சுற்று வந்தபோது, அக்காவுக்கு முடிவைக் காட்டிக்கொடுக்காதபடி நான் முகத்தை அங்கால திருப்பிக்கொண்டேன். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான். அதை நான் விடுகிறதாக இல்லை.