பிளஸ்ஸிக்கு வந்த போன்

ஆல்வினுக்குத் தன் மனைவி மேல் முதன்முதலாகப் பொறாமை வந்தது சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில்தான். அதுவரை அவளைப் பார்த்துப் பொறாமைப்பட அவனுக்கு எந்தக் காரணமும் இருந்ததில்லை. காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறவன் அவன். பிளஸ்ஸியோ வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள்.

மறைமலை நகரில் கார் பிரேக்குக்கான பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அவனுக்கு. எந்த மெஷினில் எவ்வளவு பொருள் தரம் தேறாமல் கழிந்தது, ஏன் கழிந்தது என்று மாதா மாதம் எக்ஸெல்லில் கலர் கலராகக் கிராப் போட்டு மானேஜரிடம் கொடுப்பான். ஷிஃப்ட் வேலை அலுத்துப்போயிருந்த சமயத்தில், நாவலூர் ஐ.டி. கம்பெனிகளில் 'ஆர்' தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டான். புள்ளிவிவரங்களை அலசவும், அலசியதைப் படமாக வரைந்து காட்டவும் என்றே உண்டான கம்ப்யூட்டர் மொழி அது. கிராப் என்றால் ஆல்வின்தானே? இதுவும் கைவந்துவிடும் என்று நினைத்தான்.

பிளஸ்ஸியை வகுப்புக்கு இழுத்ததும் அவனேதான். "நீ ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவதானே. சும்மா கூட வா. வீட்டுல எனக்கு டவுட்டு வந்தா பேசறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?" என்றான். அவளும் சும்மாதான் வந்தாள். சேரும்போது இருவருக்கும் சேர்த்துத் தன் போன் நம்பரையே கொடுத்தான்.

முதல் சில வாரங்கள் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. படம் வரைகிற பாடம் வந்த அன்றுதான் வினை தொடங்கியது. வகுப்பெடுக்கும் ராஜாராமன், பல ஊர்களின் மாதாந்திர மழைக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, "உங்களுக்குத் தோணினபடி வரைங்க" என்றார். ஆல்வினின் திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்திதான் வந்தது. சின்ன எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தைத் தட்டியிருந்தான். அந்த மொழிக்கு இரண்டும் வேறு வேறு. அதை அவன் கண்டுபிடிப்பதற்குள் ராஜாராமன் பிளஸ்ஸியின் பின்னால் போய் நின்றுவிட்டார்.

"எல்லாரும் வந்து இதைப் பாருங்க" என்று கூப்பிட்டார். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சிறு படம், எல்லாம் ஒரே அளவில், அடுத்தடுத்து. எந்த ஊரில் மழை தள்ளிப்போகிறது என்பது பார்த்தவுடன் விளங்கியது.

"மேடம், முன்னாடி எங்கயாவது ஒர்க் பண்ணீங்களா?"

"இல்ல சார். வீட்டுல டியூஷன் எடுக்கறேன்."

எல்லோரும் எழுந்து வந்து வரிசையாக எட்டிப் பார்த்தார்கள். தன் மனைவியின் திரையைப் பார்க்க ஆல்வினும் அந்த வரிசையில் நின்றான்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "ரொம்ப ஈஸியா இருக்குங்க, இல்ல?" என்றாள். வேகத்தடை மேல் அவன் வேகத்தைக் குறைக்காமல் ஏற்றியதில் வண்டி தூக்கிப் போட்டது. "ஈஸிதான்" என்றான்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு லேப்டாப். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஆபீஸ் வேலை என்று சொல்லி அதை அவன் எடுத்துவைத்துக்கொண்டான். ஒருநாள் ஒரு படம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. காபி டம்ளரை வைக்க வந்த பிளஸ்ஸி குனிந்து பார்த்து, "அந்தப் பிளஸ் குறி அடுத்த வரி ஆரம்பத்துல வந்துடுச்சுங்க. முந்தின வரி கடைசில இருக்கணும்" என்றாள்.

"தெரியும்" என்றான் ஆல்வின். அவள் அடுக்களைக்குள் போகும்வரை காத்திருந்து, அப்புறம் மாற்றினான். படம் வந்தது. வந்ததே என்றுகூட அவனால் சந்தோஷப்பட முடியவில்லை.

அவன் லேப்டாப்பை விட்டுக் கொடுத்த நேரத்தில் அவள் டியூஷன் பிள்ளைகளின் மார்க்கை வைத்து ஆளுக்கொரு படம் வரைந்தாள். யாருக்குப் பின்னம் வரவில்லை, யாருக்கு வடிவியல் வரவில்லை என்று அதில் தெரிந்தது. பெற்றோர்கள் அதை ஒருவருக்கொருவர் வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது, அவனுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து, "பிளஸ்ஸி மேடத்தோட ஹஸ்பெண்ட் நீங்கதானா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனான்.

அதன்பின் அவன் அவளிடம் குற்றம் தேடத் தொடங்கினான். சாம்பாரில் உப்புக் கூடியிருந்தால் மனத்துக்குள் ஒரு நிறைவு. அவள் கேஸ் புக் பண்ண மறந்தால் அன்றைக்கெல்லாம் உற்சாகம். தான் இவ்வளவு அற்பமாகிவிட்டோமே என்று தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

வகுப்பு முடிந்தபோது, நன்றாகச் செய்த சிலருடைய படங்களை நாவலூரில் இருந்த தன் நண்பரின் கம்பெனிக்கு அனுப்புவதாக ராஜாராமன் சொன்னார். அதில் ஆல்வினுடையதும் இருந்தது, பிளஸ்ஸியுடையதும் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நாவலூரிலிருந்து பேசுவதாக ஒரு பெண்குரல் சொன்னதும் எச்சில் கையோடு எழுந்து வெளியே ஓடினான்.

"பிளஸ்ஸி மேடத்துக்கு வியாழக்கிழமை காலையில பத்தரைக்கு இன்டர்வியூ சார். அவங்ககிட்ட சொல்லிட முடியுமா?"

"ஆல்வின்னு இன்னொரு பேரும் வந்திருக்குமே மேடம்?"

கொஞ்ச நேரம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "சாரி சார். என்கிட்ட பிளஸ்ஸி மேடம் பேர் மட்டும்தான் இருக்கு."

"சரி, சொல்லிடறேன்" என்றான்.

திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தவனை, எதிரில் இருந்த மெஷின் ஆபரேட்டர் சின்னப்பன் உற்றுப் பார்த்தார். "இன்னா சார், மூஞ்சி இப்டி கீது? வூட்ல எதனா பேஜாரா?"

"ஒண்ணுமில்லண்ணா."

அன்று வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. டியூஷன் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் போகட்டும் என்று நினைத்தான். போனார்கள். அவள் தலைவலி என்றாள், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். செவ்வாய்க்கிழமை அவள் தானாகவே, "நாவலூர்லேருந்து ஏதாவது போன் வந்துதாங்க?" என்று கேட்டாள். "இல்லையே" என்று அவன் வாய் சொல்லிவிட்டது. அவ்வளவு சுலபமாக வந்ததே என்று அவனுக்கே திடுக்கென்றது. நாவலூர் எவ்வளவு தூரம், இவள் தினமும் எப்படிப் போவாள், டியூஷன் என்னாவது என்று நியாயங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தான். ஒன்றும் நிற்கவில்லை.

புதன்கிழமை அவன் வேலை முடிந்து வந்தபோது பிளஸ்ஸி நின்றுகொண்டு நீலப் புடவை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் யாரும் இல்லை. நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குன்னு சொன்னாங்க?"

அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பத்தரை" என்றான்.

"ராஜாராமன் சாரைக் காய்கறிக்கடையில பார்த்தேன். 'நாளைக்கு ரெடியா மேடம்'னு கேட்டார். ரெடி சார்னு சொன்னேன். எதுக்கு ரெடின்னே தெரியாம சொன்னேன். அப்புறம்தான் புரிஞ்சுது." முந்தானையை மடித்துத் திருப்பிப் போட்டாள். "மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே ஒரு வழியைத் திறந்து விட்டிருந்தாள்.

"இல்ல" என்றான். "உன்னைக் கூப்பிட்டாங்க. என்னைக் கூப்பிடல."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு அவனும் கத்தியிருப்பான்.

"அதை எங்கிட்ட சொல்லி அழுதிருக்கலாமேங்க. நானும் கூட உக்காந்து அழுதிருப்பேன். இப்படி ஒரு நாள் நம்ம வாழ்க்கையில எப்ப வரும்? அப்புறம் சந்தோஷமா ஒரு கேசரி கிண்டியிருக்க மாட்டேனா?" குரல் அங்கே உடைந்தது.

"காலையில நான் கொண்டுபோய் விடறேன்."

"வேண்டாம். பஸ் இருக்கு."

மறுநாள் அவள் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று பஸ் மாறி நாவலூருக்குத் தனியாகப் போனாள். அவன் தொழிற்சாலையில் இருந்தான். பத்தரை ஆனபோது அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்று ஒரு கணம் மனம் வேண்டிக்கொண்டது. அடுத்த கணமே, 'ஆண்டவரே, இதை என் கணக்கில் எழுதாதேயும்' என்றும் வேண்டிக்கொண்டது.

வேலை கிடைத்தது. டியூஷன் பிள்ளைகளைப் பக்கத்துத் தெரு ஜான்சி டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு அவள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். வீட்டில் எப்போதும்போலப் பேசினாள், பரிமாறினாள், சிரிக்கவும் செய்தாள். ஆபீஸைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அங்கே யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறாள், எதுவும் அவனுக்குத் தெரியாது. அவள் பேசினால் வயிறெரிந்த காலம் போய், இப்போது அவள் பேசமாட்டாளா என்று காத்திருந்தான். அவளோடு வேலை பார்க்கும் முகம் தெரியாதவர்கள் மேலெல்லாம் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. அவர்களுக்கு அவள் சொல்வாளே.

மழைக்காலம் வந்தபோது ஆல்வின் ராஜாராமனிடம் போய், மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறேன் என்று தனியாகச் சேர்ந்தான். "நல்லது சார்" என்றதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் பிளஸ்ஸி சாப்பாட்டு மேஜையில் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். அவன் எதிரில் வந்து நின்றான். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் வந்து நின்றான்.

"இன்னிக்கு என்ன வரைஞ்ச?"

அவள் நிமிர்ந்தாள். "நிஜமாத்தான் கேக்கறீங்களா?"

"ஆமா."

கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பினாள். ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் காத்திருக்கும் நேரம் பற்றிய படம். எத்தனையோ மெல்லிய கோடுகள் சாம்பல் நிறத்தில் ஓட, நடுவே ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பில் மேலேறியது. அவ்வளவு அழகாக அவனால் வரைய முடியாது. அந்தப் பழைய பொறாமை அப்படியே கிளம்பி வந்தது. இது போகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"இது மட்டும் ஏன் சிவப்பு?" என்று கேட்டான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.