கோபிசெட்டிபாளையத்தில் என்னை டாக்டராக்கினார்கள்

வியாழக்கிழமை காலை கோயம்புத்தூரில் இறங்கினேன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த களைப்பில் கால்கள் வீங்கியிருந்தன. விமான நிலையத்திலிருந்து காந்திபுரத்துக்கு டாக்ஸி நானூறு ரூபாய். அங்கே நெரிசலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நம்பியூர் வழியாகப் போகும் கோபிப் பேருந்தில் ஏறினேன். எண்பது கிலோமீட்டர் தூரம், டிக்கெட் எழுபது ரூபாய்.

ஈப்போவில் ஒரு கிளினிக்கிலிருந்து பள்ளிகளுக்குப் போகும் பல் தாதி நான். பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்வேன், அடைப்பேன், பால்பல் ஆடினால் எடுத்தும் விடுவேன். எங்கள் நாட்டில் அதற்குப் பயிற்சியும் அனுமதியும் உண்டு. கோபியில் ஒரு சிறு அறக்கட்டளை நடத்தும் நாச்சிமுத்து என்பவர், மூன்று வாரம் வந்து பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துச் சொன்னால் போதும் என்று அழைத்திருந்தார். பெரிய வேலை ஒன்றும் இல்லை என்றுதான் கிளம்பினேன்.

அவிநாசி தாண்டியதும் பக்கத்து இருக்கைப் பெண் என் முகத்தையே பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, பல்லு டாக்டர் நீங்கதானுங்களா? பேனர்ல பார்த்தனுங்க."

"டாக்டர் இல்லைங்க. தாதி."

"தாதின்னா?"

"நர்ஸ்."

அவர் சிரித்தார். "படிச்சவங்க இப்படித்தானுங்க, அடக்கமாச் சொல்லுவாங்க."

கோபியில் வயலும் வாழையும் முடிந்து கடைகள் தொடங்கும் இடத்தில் அந்த பேனரைக் கண்டேன். என் படம் ஆளுயரத்துக்கு நின்றது. கீழே, 'மலேசியாவின் புகழ்பெற்ற பல் மருத்துவர் டாக்டர் விமலா, ஞாயிறு இலவச முகாம்'.

நாச்சிமுத்து பேருந்து நிலையத்துக்கே காருடன் வந்திருந்தார். துணி வியாபாரி, ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர். பேனரைப் பற்றிக் கேட்டேன்.

"அச்சடிக்கறவன் போட்டுப்போட்டானுங்க. நெசமான டாக்டர் கோயமுத்தூர்ல இருந்து வாராருங்க. நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

அதைக் கழற்றச் சொன்னேன். "செஞ்சுபோடலாமுங்க," என்றார். சனிக்கிழமையும் அது அங்கேதான் இருந்தது.

ஞாயிறு காலை கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதிகாலையிலேயே வந்தவர்கள், சத்தியமங்கலத்திலிருந்து பேருந்து பிடித்து வந்தவர்கள். நேரம் ஓடியது, கோவை டாக்டர் வரவில்லை. தொலைபேசியில் பேசிவிட்டு நாச்சிமுத்து என்னைச் சமையல்கட்டுப் பக்கம் அழைத்துப்போனார். முகம் வெளிறியிருந்தது.

"அவரு வரலைங்களாம். நீங்களே பார்த்துப்போடுங்க."

மேசையில் பல் பிடுங்கும் குறடுகள், மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து, எல்லாம் தயாராக இருந்தன. அவற்றைப் பிடிக்க என் கைக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பெரியவங்களுக்கு நான் செய்யக்கூடாது சார். உங்க நாட்டில் பிள்ளைகளுக்குக்கூட எனக்கு அனுமதி கிடையாது. ரத்தம் நிற்காவிட்டால் யார் பார்ப்பது?"

"ஊரே வந்து உக்காந்திருக்குதுங்க. இல்லைன்னு சொன்னா எம் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெக்கறதுங்க?"

நான் பதில் சொல்லுமுன் வரிசையில் ஒரு சலசலப்பு. ஒருவர் மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். வேலுச்சாமி, விவசாயக் கூலி. மனைவி ருக்மணிக்கு நாற்பது வயது இருக்கலாம். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி, கழுத்தே தெரியவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வடியவிட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல் அகலம்தான் திறந்தது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"கடவாப் பல்லுங்க. அதை மட்டும் புடுங்கிப்போட்டா சரியாயிருமுங்க," என்றார் வேலுச்சாமி.

இப்படி ஒரு வீக்கத்தை நேரில் நான் பார்த்ததில்லை. பயிற்சியில் படங்களாகக் காட்டி, இதைக் கண்டால் எதையும் தொடாதே, மருத்துவமனைக்கு ஓடு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"இது பல்லோடு நிற்கலைங்க. சீழ் தொண்டைக்கு இறங்குது. மூச்சு அடைச்சிடும். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

"இங்கயே டாக்டர் இருக்கறப்ப எதுக்குங்க?"

அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். மைக்கை வாங்கினேன். "நான் டாக்டர் இல்லை. நர்ஸ். இன்று டாக்டர் வரவில்லை. வலி இருப்பவர்கள் தயவுசெய்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்."

பின்வரிசையில் ஒருவர் கத்தினார். யாரோ நாற்காலியை உதைத்தார்கள். ருக்மணியின் மூச்சில் எழுந்த கரகரப்பைக் கேட்டு நாச்சிமுத்து காரை எடுக்க ஓடினார்.

காரில் ருக்மணியால் சாய்ந்து உட்கார முடியவில்லை. முன்னால் குனிந்தபடி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கோபி மருத்துவமனையில் உடனே ஊசி போட்டு, 108 ஆம்புலன்ஸில் ஈரோட்டுக்கு அனுப்பினார்கள். உடன் நானும் ஏறினேன். சாதாரண நாளில் ஒரு மணி நேரப் பயணம். எனக்கு வழி எதுவும் நினைவில் இல்லை. அவருடைய விலா எலும்புகள் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரோட்டுக்குள் மஞ்சள் மூட்டை லாரி ஒன்று வழியை மறித்தபோது என்னையறியாமல் கத்திவிட்டேன்.

கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைத்தார்கள். தாடைக்கடியில் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். மாலையில் மருத்துவர் வெளியே வந்து, "பொழச்சுக்குவாங்க," என்றபோது வேலுச்சாமி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

காரில் பின்னாலேயே வந்திருந்த நாச்சிமுத்து எனக்குத் தேநீர் வாங்கிவந்தார். "நீங்க செஞ்சது சரிதானுங்க. ஆனா கூட்டத்துக்கு முன்னால அப்படிச் சொல்லாம இருந்திருக்கலாமுங்க," என்றார். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. ஆனாலும் உள்ளூர்ப் பல் மருத்துவர் ஒருவரைப் பிடித்துவந்தார். மீதி நாள்களில் அவர் பிள்ளைகளைப் பரிசோதிக்க, நான் குறிப்பெடுத்தேன், பல் துலக்கச் சொல்லிக்கொடுத்தேன். அலுப்பான வேலை. அதற்குத்தான் வந்தேன்.

ஊர் திரும்புமுன் ஈரோட்டுக்குப் போய் ருக்மணியைப் பார்த்தேன். குழாயை எடுத்திருந்தார்கள். கழுத்துக் கட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு காற்றும் குரலுமாகப் பேசினார்.

"புதன்கெழமையே வீங்கிருச்சுங்க. அப்பவே பெரியாசுபத்திரிக்குப் போலாம்னுதான் இவரு சொன்னாருங்க. ஞாயித்துக்கெழமை வெளிநாட்டு டாக்டரம்மா வாராங்க, பொறுத்துக்கலாம்னு நாந்தான் இருந்துட்டேனுங்க."

குறை சொல்லும் குரலே இல்லை. சொல்லிவிட்டு, வேலுச்சாமியிடம் எனக்கு இளநீர் வாங்கிவரச் சொன்னார். அதை என்னால் குடித்து முடிக்க முடியவில்லை.

ஈப்போவில் எங்கள் கிளினிக்கில் அரை மணி காக்க வைத்தால் சண்டைக்கு வருவார்கள். முகம் தெரியாத எனக்காக ஒருத்தி மூச்சு முட்டும்வரை காத்திருந்தாள். இப்போது தொண்டு செய்ய வெளிநாடு கிளம்பும் நண்பர்கள் என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்கிறார்கள். பெட்டியைப் பிறகு கட்டலாம், நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காக அங்கே யார் எதைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள் என்கிறேன்.