கைகழுவும் குழாயில் பிடித்த தண்ணீர்

சென்னைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் என் கதைகளை வரிசையாகத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒருநாள் போனில் கூப்பிட்டார். கடலைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, கடல் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள் என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆந்திர எல்லைக்குள் தெலுங்கு மீடியத்தில் படித்துவிட்டு, சத்தியவேடு பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய வாரப் பத்திரிகைகளைப் பார்த்துத் தமிழ் எழுதக் கற்றவன் நான். அதற்கே எனக்கு ஒரு மாலை போட வேண்டும் என்பது என் எண்ணம். எனக்குத் தெரிந்தது என்ன பெரிதாக இருக்கிறது? ஷிப்டு, கம்பெனி பஸ், கேன்டீன் சாம்பார். அந்தச் சாம்பாரைப் பற்றி எழுதினால் அவரே படிக்க மாட்டார்.

தெரிந்தது ஒன்று இருந்தது. அதைத் தொட மனம் வரவில்லை.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். கூலிக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் குடும்பத்துக்கு சர்க்கார் பட்டா கொடுத்த நிலத்தில், வேர்க்கடலை பிடுங்கும்போது பாம்பு கடித்து, திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்துப்போனாள். அவளுக்கு அப்போது பதினோரு வயது. நான் கைக்குழந்தை. போட்டோ எடுக்கும் வசதியெல்லாம் எங்களுக்கு ஏது? அவள் முகம் எனக்குத் தெரியாது.

கல்யாணம் ஆகாமல் போன பெண் எங்கள் பக்கத்தில் வீட்டுத் தெய்வம் ஆகிவிடுவாள். பூவாடைக்காரி என்போம். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளைத்தான் அழைக்க வேண்டும். பம்பைக்காரரைக் கூட்டிக்கொண்டு நிலத்துக் கிணற்றுக்குப் போய், புதுச் சொம்பில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, பாவாடை சட்டை வைத்துப் படைத்து, பம்பை அடித்துக் கூப்பிட்டால் வீட்டார் யார்மேலாவது வந்து இறங்குவாள். இறங்கிப் பேசிய பிறகு அந்தச் சொம்பை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தால்தான் கல்யாண வேலை ஆரம்பம்.

சித்தப்பா கல்யாணத்தில் அக்கா வந்ததை நான் பார்த்தேன். அம்மா மேல்தான் வந்தாள். என்ன வேண்டும் என்று பம்பைக்காரர் கேட்டார். அம்மாவின் வாயிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. "பன்னு வோணும். சத்தியவேட்டு பன்னு." கூட்டத்தில் சிரித்தார்கள், சிரித்த வாயோடு அழுதார்கள். நைனா, அதாவது அப்பா, அப்படியே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் பன் வாங்கிவந்தார்.

அருள் விலகியதும் அம்மாவுக்கு ஒன்றும் நினைவில்லை. அவ இன்னா சொன்னா, எப்படி நின்னா, சிரிச்சாளா என்று ஒவ்வொருவரையும் பிடித்துப் பிடித்துக் கேட்டாள். ஆளுக்கு ஒன்று சொல்லி, தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். வந்தவளை ஊரே பார்த்தது, பெற்றவள் மட்டும் பார்க்கவில்லை.

பிறகு ஸ்ரீ சிட்டி என்ற தொழிற்பேட்டை வந்தது. நிலம் போனது, பணம் வந்தது, பணமும் போனது. கிணற்றைத் தூர்த்துக் கட்டிடம் எழும்பியது. அந்தக் கட்டிடத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. சொந்த நிலத்துக்குள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போனேன். முதல் சம்பளத்தில் எல்லோருக்கும் துணி எடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன்.

எனக்குப் பெண் பார்த்து முடித்ததும் அம்மா கிணற்றைப் பற்றிப் பேசினாள். மேற்கே மலை இடைவெளி நேராகத் தெரியும் இடத்தில் கிணறு இருந்தது என்று நைனா அடையாளம் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து நின்று பார்த்தேன். இடைவெளி நேராகத் தெரிந்தது கேன்டீனுக்குப் பின்னால், கைகழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில்.

அந்தக் குழாயில் வருவது எங்கிருந்தோ பைப்பில் வரும் தண்ணீர், கிணற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அந்த மண்ணு மேல வர்ற தண்ணி தானப்பா. அத எடுத்துக்கினு வா. அவளுக்கு எடம் தெரியும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீ எம்பக்கத்துலயே நில்லு. உனக்குத்தான் எய்த வருதே. அவ பேசறத ஒண்ணு உடாம பாத்து எங்கிட்ட சொல்லு" என்றாள்.

பாட்டிலில் பிடித்த தண்ணீரை கேட்டில் செக்யூரிட்டி மூடி திறந்து முகர்ந்து பார்த்தார். ஏதாவது கெமிக்கலோ என்று சந்தேகம். மஞ்சி நீள்ளு, நல்ல தண்ணீர்தான் என்றேன். வீட்டில் தண்ணீர் இல்லையா என்று தெலுங்கில் கேட்டு, ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டுப் போகவிட்டார். அவருக்கு என்னத்தைச் சொல்வது?

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு எதிரே, தெருவோரமாக, அந்தத் தண்ணீரை ஊற்றிச் சொம்பை வைத்தோம். பாவாடை சட்டை, பூ, எலுமிச்சை, ஒரு தட்டில் பன். பம்பைக்காரர் குறை வைக்கவில்லை, கை சிவக்க அடித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் சொன்னபடியே நான் பக்கத்தில் நின்றேன். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அது அசைந்தது. கிட்டே போய்க் காதைக் கொடுத்தேன். ஆனால் அவள் எச்சில் விழுங்கினாள், அவ்வளவுதான்.

இருட்டியும் யார் மேலும் வரவில்லை. பம்பைக்காரர் தோளிலிருந்து பம்பையை இறக்கிவிட்டு, தண்ணி மாறிப்போச்சும்மா என்று மெதுவாகச் சொன்னார். அம்மா கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா வராவிட்டாலும் கல்யாணம் நல்லபடியாகவே நடந்தது. எல்லோரும் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள்.

சில வருஷங்கள் கழித்து இதைத்தான் எழுதினேன். கூட்டாமல் குறைக்காமல், உதடு அசைந்தது வரைக்கும் எழுதினேன். ஆசிரியர் உடனே போட்டார், போனில் பாராட்டினார். அந்தப் பெருமையோடு பத்திரிகையை எடுத்துவந்து, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். பன் வந்த இடத்தில் கை நின்றது. நான் முடித்ததும், இன்னும் இருக்கிறதா என்பதுபோலக் காத்திருந்தாள்.

"அவ வரலியா இதுல?"

நடந்ததைத்தானே எழுத வேண்டும் என்றேன். தெரிந்ததை எழுது என்று ஆசிரியர் சொன்னதையும் சொன்னேன்.

"நடந்தது எனக்குத் தெரியாதா? நேருலதான் வரல. நீ எய்தறதுலனா வரவெச்சிருக்கலாம் இல்ல? நானும் ஒருவாட்டி கேட்டிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பம்பை அடிப்பது வரை வந்துவிட்டது. அம்மாவின் உதடு அசைவதும் வந்துவிட்டது. அதற்குமேல் ஒரு வரி ஓடவில்லை. அவள் பேசி எனக்குத் தெரிந்தது அந்த பன் கேட்டது ஒன்றுதான், அதை அவள் கேட்குமுன்பே தட்டில் வைத்துவிட்டோம்.