எங்கள் கவுண்டியின் சராசரி மனுஷி

நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் ஹேலன்பெக் கவுண்டி ஒரு சின்ன மாவட்டம்; அதில் மாடுகள் நாற்பதாயிரத்துச் சொச்சம், மனிதர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மனுஷி ஒரு வருஷம் வாழ வேண்டியிருந்தது. அவள் பெயர் வெல்டா ஸ்லாடெக். இந்தப் பக்கத்துத் தபால் வண்டி என்னுடையது. அந்த வினையை அவள் வீட்டுப் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டவனே நான்தான்.

வெல்டாவுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தோரு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். பஸ் அவள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும். கவுண்டியின் ஒரே ஆம்புலன்ஸும் அங்கேதான் நிற்கும், அதையும் ஓட்டுகிறவள் அவள்தானே. புருஷன் டுவேன் டிராக்டர் பழுது பார்ப்பவன். பேச்சு குறைவு. பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவாள்.

அவளிடம் ஒரு கோளாறு: பொய் வராது. நெப்ராஸ்காவிலேயே ஓட்டுநர் உரிமத்தில் உண்மையான எடையைப் போட்டிருக்கிற பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். போதகரின் மனைவி ஆசையாக நீட்டிய, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பண்டத்தைத் தின்றுவிட்டு, "மேல நல்லா இருக்கு, அடியில மாவு வேகல" என்று கோயில் விருந்தில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னவள்.

போன வருஷத்துக்கு முந்தின மார்ச்சில் எங்கள் கவுண்டியில் நாற்பது வீடுகளுக்குத் தடிமனான வெள்ளை உறை வந்தது. கிழக்கே ஏதோ ஒரு ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பியது. உள்ளே இருபத்திரண்டு பக்கம் கேள்வி. "உங்கள் வாழ்க்கைத் தரத்தை அறிய விரும்புகிறோம்" என்று மேலே எழுதி, சிரமத்துக்காக ஒரு புத்தம் புது இரண்டு டாலர் நோட்டையும் வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டு வீட்டார் நோட்டை எடுத்துக்கொண்டு தாளை அடுப்பில் போட்டார்கள். எனக்கும் ஒன்று வந்தது. என் தாள் இன்றைக்கும் கொட்டகையில் ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வெல்டாவால் அது முடியவில்லை. "காசு வாங்கியாச்சு. வாங்கினா வேலை செய்யணும்" என்று மூன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். நாலாம் நாள் தபால் பெட்டியருகே என்னை நிறுத்திவிட்டாள்.

"வண்டியை அணை. படிக்கிறேன், எங்கேயாவது பொய் இருந்தா சொல்லு. வேலைக்குப் போக எவ்வளவு நேரம்? பஸ் முற்றத்துல நிக்குது, அரை நிமிஷம்னு போட்டிருக்கேன். பனி கொட்டினா ஒரு நிமிஷம்."

"சரிதான்."

"ஆம்புலன்ஸ் உங்க வீட்டுக்கு வர எவ்வளவு நேரம்? பூஜ்யம். அது இங்கதானே கிடக்கு."

"அதுவும் சரிதான்."

"வீட்டுக்கு மாசம் என்ன செலவு? மாமனார் கட்டின வீடு, ஒண்ணுமில்ல. திருட்டு பயம் உண்டா? வாசல் சாவி தொலைஞ்சு முப்பது வருஷம் ஆச்சு. ஒருதரம் யாரோ உள்ள புகுந்து மேஜை மேல ஒரு கூடை சுரைக்காய் வெச்சுட்டுப் போயிட்டான். அதைத் திருட்டுல சேர்க்கணுமா?"

"வேண்டாம்."

"பல் டாக்டரைப் பார்க்க எத்தனை நாள் காத்திருந்தீங்க? ஒரு நாளும் இல்ல. போன அன்னிக்கே எல்லாப் பல்லையும் பிடுங்கிட்டாரு. அப்புறம் போக வேண்டிய அவசியமே வரல. இன்டர்நெட்டால தொல்லை உண்டா? இல்ல, ஏன்னா எங்க வீட்டுல இன்டர்நெட்டே இல்ல. அக்கம்பக்கத்தாரோட பேசுறதுண்டா? தினமும். எம்மெட் வேலிகிட்ட வந்து என் நாயைப் பத்தி ஒரு பாட்டம் திட்டிட்டுத்தான் போறான்."

எதிலும் பொய் இல்லை. உறையை ஒட்டி வாங்கிக்கொண்டு போனேன்.

செப்டம்பரில் பட்டியல் வெளியானது. குறைந்த செலவில் நிறைவாக வாழத் தகுந்த இடம், அமெரிக்காவிலேயே முதலாவது: எங்கள் ஹேலன்பெக் கவுண்டி.

கவுண்டிக் குழுத் தலைவர் லீலண்ட் பௌஷ், விதைச் சோளம் விற்கிறவர், அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பெர்டின் ஊர் நடுத்தெருவில் ஓடினார். எதிரே வர யாரும் இல்லாததால் கடைசிவரை ஓடி, திரும்பி வந்து காபிக் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரி அயோன் செய்தியைக் கேட்டுவிட்டு, "முதலிடமா? போன வாரம் ஒரு முட்டைக்கோஸ் வாங்க நாப்பது மைல் போனேனே" என்றாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த எம்மெட் கோலார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னான்: "நாம முதலாவதுன்னா, மத்தவங்கல்லாம் எப்படித்தான் உயிரோட இருக்காங்களோ."

லீலண்ட் காதில் எதுவும் ஏறவில்லை. 'அமெரிக்காவிலேயே முதலிடம்' என்று நெடுஞ்சாலையில் பலகை நட்டார். நட்ட மூன்றாம் வாரம், நிறுவனத்திலிருந்து கோரல் விட்மன் என்கிற இளம்பெண் வந்து சேர்ந்தாள். நான் தபாலோடு போயிருந்தபோது லீலண்டின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். உங்க கவுண்டியில இருந்து ஒரே ஒரு பதில்தான் வந்துச்சு."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான். ஆனா அதோட சராசரி ரொம்ப நல்லா இருந்துச்சு."

"ஒண்ணுக்கு ஏதும்மா சராசரி?"

"கணக்குப்படி உண்டு சார். தப்பில்ல. அடுத்த மார்ச்லயும் அதே வீட்டைத்தான் கேட்போம், அது எங்க விதி. பதில் சொன்னது யாருன்னு மட்டும் நான் சொல்லக் கூடாது." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "அவங்க வீட்டு வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது போல."

அவள் கார் கண்ணை விட்டு மறைகிறவரை லீலண்ட் ஜன்னலருகே நின்று பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "அறுநூறு பேரை நல்லா வாழ வைக்க நம்மகிட்ட வசதி இல்லப்பா. ஆனா ஒருத்திய வாழ வெச்சுடலாம்."

அந்த வாரமே வேலை தொடங்கிவிட்டது. சாலை சமன் செய்கிற இயந்திரம் திங்கட்கிழமைதோறும் வந்து வெல்டாவின் வாசல்வரை மாவு சலித்த மாதிரி சாலையை இழைத்துவிட்டு, வாசலோடு திரும்பிப் போனது. அதற்கு அப்பால் எம்மெட் வீட்டுக்குப் போகும் பாதையில் பழைய குழிகள் அப்படியே கிடந்தன. கூரையை மாற்ற நாலு ஆள் வந்தார்கள். பெண்கள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்த தட்டுகளையும் கசகசா வைத்த கோலாச்சி ரொட்டிகளையும் கொண்டுவந்து குவித்தார்கள். கவுண்டிப் போலீஸ் அதிகாரியான ஷெரீப் காலை ஏழு மணிக்கு வண்டியை நிறுத்தி, "நிம்மதியா இருக்கியா வெல்டா?" என்று கத்திக் கேட்டுவிட்டுப் போவார். கெட்ட செய்தி எதுவும் அவள் காதில் விழக் கூடாது என்று உத்தரவு. ஆலங்கட்டி மழையில் பாதிக் கவுண்டியின் சோளம் படுத்துவிட்டபோது, "கொஞ்சம் குளிர்ச்சியா பெஞ்சுது" என்றாள் அயோன்.

பாவம், எம்மெட்தான் மிகவும் கஷ்டப்பட்டான். நாயைத் திட்டக் கூடாது என்று அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வழக்கம்போல வேலியோரம் வருவான், வாயைத் திறப்பான், மூடுவான்.

"என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள் வெல்டா.

"ஒண்ணுமில்ல. நல்ல நாய்."

அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஊரே தட்டு கொண்டுவருகிறது, ஷெரீப் நலம் விசாரிக்கிறார், எம்மெட் நாயைப் புகழ்கிறான். இப்படியெல்லாம் நடப்பது சாகப்போகிறவர்களுக்குத்தான். ராத்திரி டுவேனை எழுப்பி, "டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். அவன், "கார்புரேட்டர்" என்று தூக்கத்தில் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான். மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே பஸ்ஸை லீலண்ட் அலுவலகத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எனக்கு என்ன வியாதி? ஒளிக்காம சொல்லு. எத்தனை மாசம்?"

"வியாதியா? உனக்கா? உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானே நாங்க…" என்று தொடங்கிய லீலண்ட், வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

வெல்டா கேட்டு முடித்தாள். முதலில் சிரித்தாளாம். பிறகு கோபம் வந்ததாம். "உங்க தட்டையெல்லாம் தின்னு நான் ஒன்பது பவுண்டு ஏறிட்டேன். உரிமத்துல மாத்தணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஆனால் ஊர் விடவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதால் இன்னும் வெளிப்படையாகவே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது.

பிப்ரவரியில் எம்மெட் தன் கொட்டகையில் உட்கார்ந்து குறடால் சொந்தப் பல்லைப் பிடுங்கினான். பாதிதான் வந்தது. மூன்றாம் நாள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. அவன் வீட்டுப் பாதைக் குழிகளில் ஆம்புலன்ஸ் ஏறி இறங்கி வெளியே வரவே இருபது நிமிஷம் ஆயிற்று. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பனியில் தொண்ணூற்றிரண்டு மைல். ஒவ்வொரு மைலுக்கும் பின்னாலிருந்து அவன் முனகல். "பல்லை ஏண்டா டாக்டர்கிட்ட காட்டல?" என்று ஓட்டிக்கொண்டே வெல்டா கேட்டதற்கு, "ஒரு நாள் முழுக்கப் போயிடும். மாட்டை யாரு பார்க்கிறது?" என்றான்.

பிழைத்துக்கொண்டான். வெல்டா அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய வாரம், கவுண்டிக் குழுக் கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு நிம்மதியில்ல லீலண்ட்."

லீலண்டின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. "என்ன வேணும்? கூரையா? திரும்பவும் ஒழுகுதா?"

"பல் டாக்டர் வேணும்."

"உனக்குத்தான் பல்லே இல்லையே!"

"எம்மெட்டுக்குப் பத்து மிச்சம் இருக்கு. அவன் முனகினது இன்னும் என் காதுல நிக்குது. தூங்க முடியல. அடுத்த மாசம் தாள் வருது, 'மனசு எப்படி இருக்கு'ன்னு கேட்பான். எனக்குப் பொய் எழுத வராது. நீயே யோசிச்சுக்கோ."

"இது மிரட்டல் இல்லையா?"

"இல்ல. தகவல்."

பதினைந்தே நாளில் தீயணைப்புக் கொட்டகையின் பின்னறையில் பல் மருத்துவ நாற்காலி ஒன்று முளைத்தது. செவ்வாய்க்கிழமைதோறும் டாக்டர் நெவின் என்கிற பெண் நூறு மைல் தாண்டி வந்துபோனாள்.

விஷயம் பரவியதும் வெல்டாவின் சமையலறையில் கூட்டம் கூடிவிட்டது. அதுவரை அவளைச் சிரிக்கவைக்க வந்தவர்கள் இப்போது அழவைக்க வந்தார்கள். அயோன் முட்டைக்கோஸுக்காக உண்மையிலேயே கண்ணீர் விட்டாள். ஒருவர் தன் கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் கொண்டுவந்து, "முகர்ந்து பாரு, உனக்கு மனசு கஷ்டமா இல்ல?" என்றார்.

"எதுக்கு மனசு கஷ்டப்படுதோ அதுக்குத்தான் படும். வரிசையில நின்னு படுத்தாதீங்க" என்று எல்லாரையும் விரட்டினாள். ஆனால் மூன்று காரியம் அவளை உறுத்தியது. மூன்றையும் லீலண்டிடம் சொன்னாள். காய்கறி லாரி வாரம் ஒருமுறை வந்தது. சாலை இயந்திரம் அவள் வாசலைத் தாண்டி எல்லா வீட்டுக்கும் போயிற்று. ஆம்புலன்ஸ் அவள் முற்றத்திலிருந்து கிளம்பி, கவுண்டிக்கு நடுவில் இருக்கிற தீயணைப்புக் கொட்டகைக்குப் போய்விட்டது. அதற்காக அவள் வேறு இரண்டு பேருக்கு ஓட்டப் பழக்கினாள்.

மார்ச் மாதக் கடைசியில் தாள் வந்தது. இந்த முறை என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஆனால் என்ன எழுதினாள் என்பது ஊருக்கே தெரியும், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஆம்புலன்ஸ் வர: பதினொரு நிமிஷம். பல் டாக்டரைப் பார்க்க: மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இத்தனை வருஷ வலியை எல்லாரும் சேர்த்துவைத்திருக்கிறார்கள். போக்குவரத்து நெரிசல்: உண்டு, காய்கறி லாரி வரும் நாளில் ஆறு வண்டி. அக்கம்பக்கத்தார் கவலைகளை அறிவீர்களா: நன்றாக அறிவேன். அதனால் மன நிம்மதி: நடுத்தரம்.

செப்டம்பரில் நிறுவனத்தின் கடிதத்தை நான்தான் கொண்டுபோனேன். லீலண்ட் அலுவலகத்தில் இல்லை. அன்று செவ்வாய். தீயணைப்புக் கொட்டகையில் வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார், பாதி முகம் மரத்துப்போய், கன்னத்துக்குள் பஞ்சு. எம்மெட்டை அழைத்து வந்திருந்த வெல்டா அவனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடிதத்தைப் பிரித்து அவரே படிக்கும்படி முகத்துக்கு நேரே பிடித்தேன். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலாவது இடம்.

லீலண்டின் கண் விரிந்தது. "ஆ… ஆயி… ஆ…" என்றார்.

"பேசாதீங்க சார், கருவி நாக்குல பட்டுடும்" என்றாள் டாக்டர் நெவின்.

அவர் வெல்டாவைப் பார்த்து ஒரு விரலை நீட்டினார். திட்டத்தான் நீட்டினார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த விரல் பாதி வழியில் தயங்கி, திரும்பி, தன் இன்னொரு கன்னத்தைத் தொட்டுக் காட்டியது. டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவும் சொத்தைதான். எவ்வளவு நாளா வலிக்குது?"

லீலண்ட் ஐந்து விரலைக் காட்டினார்.

"அஞ்சு நாளா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"அஞ்சு வருஷமா? ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல?"

 வெல்டா எழுந்து வந்து அவர் சட்டையில் வழிந்திருந்த எச்சிலைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

"ரெண்டையும் இன்னிக்கே பார்த்துடுங்க டாக்டர்" என்றாள். "எம்மெட் கொஞ்ச நேரம் காத்திருப்பான்."