பாறைக்குப் பின்னால் குடித்த தண்ணீர்

புளியங்குளத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் நின்றவரிடம் கடலை நீட்டினேன். நோன்பு என்று சொல்லிச் சிரித்தார். உடனே என் தண்ணீர்ப் போத்தலைப் பைக்குள் மறைத்தேன். பழைய பழக்கம். அது ஒருமுறை செய்த வேலை உங்களுக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஓமந்தையில் கல் அறுத்தேன், பளையில் தேங்காய் உரித்தேன், எங்கும் நிலைக்காமல் முல்லைத்தீவுக் கரையில் ஒரு கருவாட்டு வாடியில் சேர்ந்தேன். கரைக்கு எதிரே ஆளில்லாத சின்னத் தீவு ஒன்று. நாலு பற்றை, நிறையப் பாறை, பறவை எச்ச நாற்றம். நாய்த்தொல்லை இல்லையென்று அங்கேதான் மீன் காய வைப்போம்.

ஒரு நோன்பு மாதக் காலையில் படகோட்டி அந்தோனி அண்ணை என்னையும், என்னோடு வாடியில் வேலை செய்த நசீர் நானாவையும் அங்கே இறக்கிவிட்டுப் படகைத் திருப்பினார். இறக்க மறந்த தண்ணீர்க் கானும் படகோடு போய்விட்டது. மிஞ்சியது ஒரு போத்தல். நசீர் நானா நோன்பு.

“நீ குடி தம்பி. எனக்கு நோன்பு திறக்க ஒரு மிடறு கிடந்தாக் காணும்.”

நோன்பு பிடித்தவருக்கு முன்னால் எப்படிக் குடிப்பது? ஒவ்வொரு முறையும் பெரிய பாறைக்குப் பின்னால் போனேன். என் மரியாதையை நானே மெச்சிக்கொண்டேன். அவர் கண்ணுக்கு முன்னால் என்றால் இரண்டு மிடறோடு நிறுத்தியிருப்பேன்.

பின்னேரம் படகு வரவில்லை. சூரியன் விழுந்ததும் நசீர் நானா மடியிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கையை நீட்டினார். நான் கொடுத்த போத்தலின் பாரத்திலேயே அது வெறும் போத்தலென்று அவருக்கு விளங்கிவிட்டது. பழத்தைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தந்தார். அதையும் வாங்கித் தின்றேன்.

இருட்டும்போது படகு வந்தது. எஞ்சின் பழுதாம். அந்தோனி அண்ணை வெறும் போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

“ஆர் முடிச்சது? நோன்புகாரரோ?”

பகிடிதான். ஆனால் நசீர் நானா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஓம், நான்தான். வெயில் அப்பிடி.”

தொண்டை காய்ந்தவர் பேசினார்; தொண்டை நனைந்த நான் முந்திக்கொண்டு படகில் ஏறினேன். அன்றிலிருந்து வாடியில் அவருக்குப் பெயர் ‘கள்ள நோன்பு’. அப்படிக் கூப்பிட்டால் அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

போன மாதம் அந்தக் கரைக்குப் போனேன். வாடி இல்லை. தீவைக் கடல் அரித்துவிட்டது; பெரிய பாறை இருந்த இடத்தில் அலை உடைகிறது. நசீர் நானா புத்தளத்துக்குப் போய்விட்டாராம். அவரைப் பற்றி விசாரித்தபோது, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவருக்கு முதலில் ஆள் பிடிபடவில்லை. பிறகு முகம் மலர்ந்து கேட்டார்:

“ஆர், கள்ள நோன்போ?”

“ஓம்,” என்றேன்.