வேதாந்தத்தின் சுற்றுவழி

செங்கல்பட்டு மராமத்து ஆபீசில் படம் வரைகிற வேதாந்தத்துக்கு, வீட்டிலிருந்து கடைத்தெரு வழியாகப் போனால் ஆபீஸ் ஐந்து நிமிஷம். அவர் கால்மணி நேரம் சுற்றிக்கொண்டு போவார். கடைத்தெருவில் சிவன் கோயில் இருக்கிறது. ஊரிலுள்ள மற்ற ஐயங்கார்கள் அதே தெருவில்தான் கத்தரிக்காய் வாங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் வேதாந்தத்தின் அப்பா கண்ணை மூடுவதற்கு முன், "சிவன் கோயில் நிழலைக்கூட மிதிக்காதே" என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மழையோ வெயிலோ, இருபது வருஷமாக அது நடக்கிறது. மகாபலிபுரம் போனாலும் தலசயனப் பெருமாளோடு சரி. கடற்கரைக் கோயிலிலும் பெருமாள் படுத்திருக்கிறாரே என்று மனைவி ருக்மிணி ஒருதரம் கேட்டாள். இரண்டு பக்கமும் சிவன், அது பெருமாள் தானாகத் தேடிக்கொண்ட சகவாசம் என்றார். அவ்வளவு பிடிவாதம் மனுஷனுக்கு.

1955இல், ஏரி மதகுகளைப் பார்த்து வரைந்துகொண்டு வரும்படி அவரை ஏழு நாள் இலங்கைக்கு அனுப்பினார்கள். பொலன்னறுவையில் சமுத்திரம் என்றே பேர் வைத்த ஏரி. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. நாலு நாளில் வேலை முடிந்தது. ஐந்தாம் நாள் அங்கத்து இன்ஜினியர் ரத்னாயக்க, விருந்தாளியை ஜீப்பில் ஏற்றிக் காட்டுக்குள் ஒரு பாழடைந்த கோயில் முன்னால் இறக்கினார்.

"உங்கள் ஆட்கள் கட்டியது" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. சோழர் காலத்துச் சிவன் கோயில். அத்தோடு விட்டாரா? தேங்காயும் கற்பூரமும் வாங்கி வைத்திருந்தார். பூஜை தெரிந்த ஆளை இங்கே கூட்டி வரவேண்டுமென்று ரொம்ப நாள் ஆசையாம்.

வேதாந்தம் நன்றாக மாட்டிக்கொண்டார். மாட்டேன் என்றால் சோறு போட்ட மனுஷன் மனசு நோகும். செய்தால் அப்பாவிடம் கொடுத்த வாக்கு போச்சு. வாசலிலேயே நின்று யோசித்தார். கோயிலுக்குக் கூரை இல்லை. மணியோ பன்னிரண்டு. அப்பா சொன்னது நிழலை. இங்கே மிதிக்க நிழலே கிடையாது. சட்டம் இடம் கொடுத்ததும் உள்ளே போனார்.

லிங்கத்தின் தலையில் பறவை எச்சம். வெயிலில் தொட்டால் சுட்டது. வேதாந்தத்துக்குப் பாவமாக இருந்தது. இத்தனை பெரிய ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவர் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் விட நாதியில்லையே! ஜீப்புக்கு ஊற்ற வைத்திருந்த தகரத்துத் தண்ணீரைக் கொண்டு வந்து, எச்சம் போகக் கழுவிக் குளிப்பாட்டினார். சிவனுக்குச் சொல்ல அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த பாசுரத்தையே சொல்லிக் கற்பூரம் காட்டினார். உள்ளே இருந்தவர் ஆட்சேபிக்கவில்லை.

"அங்கே என்ன பார்த்தேள்?" என்று வீட்டில் ருக்மிணி கேட்டாள்.

"மதகு" என்றார்.

திங்கட்கிழமை காலை கடைத்தெரு வழியாக நடந்தார். சிவன் கோயிலுக்கு எதிரே எண்ணெய்க் கடை வைத்திருக்கும் மொய்னுதீன், அளந்துகொண்டிருந்த எண்ணெயை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இன்னா சாமி, வழி தப்பிட்டீங்களா?"

"கால் வலி" என்றார் வேதாந்தம். போகாமல் நின்றார். "பாய், இந்தக் கோயில் கூரை ஒழுகறதா?"

"இருபது வருசமா ஊர்ல கீறீங்க, என்னை வந்து கேக்குறீங்களே" என்றார் மொய்னுதீன். பிறகு, "மேக்கால மூலைல ஒழுவுது. மழைக்கு நான் அந்தக் கோயில்லதான் ஒதுங்குவேன்" என்றார்.

வேதாந்தம் குடையைக் கடை வாசலில் சாய்த்து வைத்தார். கோயிலின் காலை நிழல் தெருவில் பாதிவரை விழுந்து கிடந்தது. அதன் மேலேயே நடந்து மேற்கு மூலையைப் பார்க்கப் போனார்.